மேல் பள்ளி, கீழ்ப் பள்ளி

நான் என் கையால் கீறிய பள்ளிவாசலுக்குள்ளிருந்து, முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளையின் முகம் எட்டிப் பார்த்து, "பாங்கு சொல்லிட்டாங்களா?" என்று கத்தியது. அதுவும் என் உம்மாவின் ஃபோனில். அதுவும் நோன்பு திறக்கிற நேரத்தில், குடும்பமே பாயில் உட்கார்ந்திருக்கும்போது.

திடுக்கிடுவதற்கென்றே பிறந்தவள் நான் என்று என் மூத்த சகோதரர், எங்கள் நானா, சொல்வார். பல்லி விழுந்தால் கத்துவேன், பால் பொங்கினால் கத்துவேன். ஆனால் அன்றைக்குக் கத்தக்கூட முடியவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம்தான் வரவில்லை. இதை ஒழுங்காகச் சொல்வதென்றால் என் தொழிலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ஃபோனைத் திறந்ததும் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரப் படங்கள் தெரியுமே, அவைதான் ஐகன்கள். ஒவ்வொரு ஆப்புக்கும் ஒன்று. கம்பனி தருகிற படம் பிடிக்காதவர்களுக்கு, அவர்கள் ஆசைப்படுகிற மாதிரி வேறு படம் கீறி அந்த இடத்தில் போட்டுக் கொடுப்பது என் தொழில். புத்தளத்தில் வீட்டுக்குள் இருந்துகொண்டே செய்கிறேன். கல்யாணப் பெண்கள் எல்லாவற்றையும் மருதாணி நிறத்தில் கேட்பார்கள். வெள்ளைக்காரர் பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிற கற்பிட்டிப் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவர் தன் ஆப்புக்குத் திருக்கை மீன் கேட்டார். ஒரு ஹாஜியார் கேமராவுக்கு மீன் படம் போதும் என்றார், ஆனால் கண் வைக்கக் கூடாது, உயிருள்ளதைக் கீறுவது பாவம் என்றார். கண் இல்லாத மீனைக் கீறிப் பார்த்தால்தான் தெரியும் என் கஷ்டம். திரும்பத் திரும்பக் கீறிக் கொண்டுபோய்க் காட்டினேன். "மாஷா அல்லாஹ், நல்ல வாழைப்பழம்" என்றார். அவர் ஹாஜியார் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வேலைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, எந்த ஆப்பையும் திறந்து பார்க்க மாட்டேன். ஒருவருடைய ஃபோன் என் கையில் இருக்கும்போது அவருடைய வீடே என் கையில் இருக்கிறது. படத்தை மாற்றுவேன், கதவைத் திறக்க மாட்டேன். இரண்டாவது, ஐகனுக்குக் கீழே பெயர் எழுத மாட்டேன். கம்பனிக்காரன் எழுதிவைத்த பெயரையும் வெறுமையாக்கிவிடுவேன். படத்தைப் பார்த்தே என்னவென்று தெரிய வேண்டும். கீழே பெயர் இருந்தால் அழகு, வடிவு எல்லாம் போய்விடும். இந்த இரண்டாவது சட்டத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. யாராவது "பேரையும் போடுங்களேன்" என்றால், "அப்ப நான் எதுக்கு, கம்பனிக்காரன் போட்டதையே வச்சிக்கிடுங்க" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிடுவேன்.

உம்மா இருப்பது கற்பிட்டியில். வாப்பா மௌத்தான பிறகு தனியாகத்தான் இருக்கிறார். கடற்கரையோரம் கருவாடு காய வைக்கிற வாடி ஒன்று இருக்கிறது, அதை உம்மாதான் நடத்துகிறார். நானாவும் நானும் புத்தளத்தில், தங்கச்சி சிலாபத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். மூன்று பேரும் எங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் களைத்துப் போனோம். "வாடிய யாரு பாக்கிற? மீன் வந்து தானா வெயில்ல படுத்துக்கிடுமா?" என்று ஒரே பேச்சாக முடித்துவிடுவார்.

உம்மா வெட்கப்படுகிற ஆள் இல்லை. மீன் கொண்டுவருகிற வள்ளக்காரரோடு தராசைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பழைய காலத்து மனுஷி. வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸ்ஸி "புருசன்ட பேரென்ன?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிற என் முதுகில் தட்டி, "செல்லு மகள்" என்பார். நான்தான் வாப்பாவின் பெயரைச் சொல்வேன். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்ததில்லை.

நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் உம்மாவின் ஃபோனுக்கு ஐகன் போட்டுக் கொடுக்கப் போனேன். உம்மா தமிழ் வாசிப்பார், குர்ஆன் ஓதுவார். ஆனால் அந்த ஃபோன் இங்கிலீஷில் மட்டும்தான் கதைக்கும். ஆகவே படம் மட்டும் போட்டுக் கொடுத்தால் நல்லது. வானிலைக்கு ஒரு குடை, கணக்குப் போடுகிற ஆப்புக்குத் தராசு, டோர்ச்சுக்கு ஒரு அரிக்கன் லாம்பு. தொழுகை நேரம் காட்டுகிற ஆப்புக்குப் பச்சைக் குவிமாடம் வைத்த ஒரு பள்ளிவாசல். அந்தப் பள்ளிவாசலைக் கீறி முடிக்க ஒரு காலை முழுதும் போனது. சின்னப் படத்தில் மினாரா மெல்லிதாக இருந்தால் தெரியாது, தடிப்பாக இருந்தால் போத்தல் மாதிரி இருக்கும். என் கையில் இருந்து வந்ததிலேயே வடிவான படம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

உம்மா பார்த்துவிட்டு, "இதே பள்ளிய இதுக்கும் போடு" என்று இன்னொரு ஆப்பைத் தொட்டுக் காட்டினார். முகம் பார்த்துக் கதைக்கிற வீடியோ ஆப் ஒன்று. வாடியில் வேலை செய்கிற பொம்பிளை ஒருத்தி ஏற்றிக் கொடுத்ததாம்.

"உம்மா, ரெண்டுக்கும் ஒரே படம் போட ஏலாது. பிறகு எது எதென்டு தெரியாமப் போகும்."

"எனக்குத் தெரியும். ஒன்டு மேல, ஒன்டு கீழ."

"அப்ப இதுக்கு வேற கலராச்சும் அடிக்கிறன்."

"வாணாம். அதே பள்ளி, அதே கலர்."

"இது என்னத்துக்குப் பாவிக்கிற ஆப்?"

"நோம்பு தொறக்கிற விசயத்துக்குத்தான் மகள்" என்றார் உம்மா, என் முகத்தைப் பார்க்காமல் புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே.

நோன்பு காலத்தில் வீடியோவில் மார்க்க வகுப்பு நடக்கும், பயான் என்கிற மார்க்கப் பேச்சு நடக்கும். அப்படி ஏதோ என்று நினைத்துவிட்டேன். திறந்து பார்க்காதது என் சட்டம் வேறு. ஒரே படத்தை இரண்டு இடத்தில் போடுவது தொழிலுக்கு அவமானம் என்று முணுமுணுத்துக்கொண்டே மேலே ஒரு பள்ளி, கீழே ஒரு பள்ளி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நோன்பு பாதி போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கற்பிட்டிக்குப் போனோம், உம்மாவோடு ஒருநாளாவது நோன்பு திறக்க வேண்டும் என்று. தங்கச்சி கட்லட்டும் பெட்டிஸும் பொரித்துக்கொண்டு வந்திருந்தாள். விறாந்தையில் பாய் விரித்து ஈச்சம்பழம், சர்பத், எல்லாம் பரப்பியாகிவிட்டது. அன்றைக்கென்று பார்த்துக் காற்று உறுமிக்கொண்டு அடித்தது. காற்று அடித்தால் எங்கள் பக்கத்தில் முதலில் போவது கரண்ட். கரண்ட் போனால் பள்ளி ஸ்பீக்கரும் ஊமை, பாங்கு கேட்காது.

"நேரம் என்ன?" என்றார் நானா. அவருடைய ஃபோன் வேனுக்குள் சார்ஜில் கிடந்தது. என்னுடையதும் தங்கச்சியினதும் செத்துக் கிடந்தன. சுவர் மணிக்கூட்டுக்குப் பற்றறி போட்டு யாருக்கு ஞாபகம்! வாய்க்குக் கிட்ட ஈச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் ஆளையாள் பார்த்தோம். உம்மா குசினியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய ஃபோன் பாயின் ஓரத்தில் இருந்தது. எடுத்தேன். இருட்டுகிற நேரம், கண்ணுக்கு முன்னால் பச்சைப் பள்ளிவாசல் இரண்டு.

"உம்மா, நேரம் காட்டுற பள்ளி எது? மேலயா, கீழயா?" என்று கத்தினேன்.

"ஃபோன வை மகள்! தொடாத!" உம்மா கஞ்சிச் சட்டியோடு ஓடி வருகிற சத்தம் கேட்டது. அதற்குள் என் விரல் கீழ்ப் பள்ளியை அமத்திவிட்டது.

ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. அதில் வட்டமாக ஒரே ஒரு படம், வெங்காயக் குவியல். இது என்ன பயான் என்று யோசிப்பதற்குள் ஃபோன் அலறியது. யாரோ அழைக்கிறார்கள். பதறிப்போய் ஓய வைக்கப் பார்த்தேன், விரல் பச்சைப் பொத்தானில் பட்டுவிட்டது. அப்போதுதான் அந்த முகம் வந்தது. வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, பின்னால் கொட்டிலில் கட்டித் தொங்கவிட்ட வெங்காயப் பிடிகள், கையில் ஒரு ஈச்சம்பழம்.

"பாங்கு சொல்லிட்டாங்களா? என்ன, உங்களக் காணல்ல? இருட்டா இரிக்கே!"

சாதாரணமாகக் கேட்கவில்லை, தெருவே கேட்கிற மாதிரிக் கத்திக் கேட்டார். நான் விக்கித்துப் போய் ஃபோனைக் கையில் வைத்தபடி இருந்தேன். தங்கச்சி சர்பத்தைத் தட்டிவிட்டாள். நானா என் கையிலிருந்து ஃபோனைப் பறித்தார்.

"யாரு நீங்க?"

"ஆ?"

"யாரு நீங்கன்டு கேக்கிறன்!"

"ஆ, மூத்த மகனா! அஸ்ஸலாமு அலைக்கும் மகன்! எனக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாக் கதைங்க. எல்லாரும் வந்திரிக்கிறதாமே. அந்தப் படம் கீறுற மகளும் வந்திரிக்காவா? பள்ளி நல்ல வடிவு என்டு செல்லுங்க!"

அல்லாஹ்வே! எங்களை எல்லாம் தெரிந்திருக்கிறது. என் பள்ளிவாசலைப் பாராட்ட வேறு செய்கிறார். நானாவின் முகம் சிவந்து கறுத்தது. ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொல்லிவிட்டு, "இனிமே இந்த ஃபோனுக்கு எடுக்காதீங்க!" என்று கத்தினார்.

"ஆ?"

"எடுக்காதீங்க!"

"என்ன மகன்?"

"எங்கட உம்மாவுக்கு இனிமே எடுக்கவேணாம்!"

இந்த முறை கேட்டுவிட்டது. அந்த மனிதர் ஈச்சம்பழத்தைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார். "சரி மகன்" என்றார், முதல் தடவையாக மெதுவாக. நானா ஃபோனைக் கட் பண்ணினார்.

உம்மா வாசலில் கஞ்சிச் சட்டியோடு நின்றார். பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் ஸ்பீக்கர் இல்லாமல் வெறும் தொண்டையால் கூப்பிடுவது காற்றுக்குள் மெல்லக் கேட்டது. "பாங்கு சொல்லுது. முதல்ல நோம்பத் தொறங்க. சண்டைய பிறகு புடிப்பம்" என்று சட்டியைப் பாயில் வைத்தார். நாங்கள் திறந்தோம். உம்மா ஒரு மிடறு தண்ணீர் மட்டும் குடித்தார்.

மஃரிப் தொழுது முடித்த கையோடு சண்டை தொடங்கியது. நானா உம்மாவை விட்டுவிட்டு முதலில் என் மீது பாய்ந்தார்.

"நீதானே பள்ளி கீறிக் குடுத்த! ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? பயான் என்டு நெனச்சன்!" எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "உம்மா, எனக்கிட்டயாச்சும் செல்லியிருக்கலாமே!"

"செல்லியிருந்தா நீ கத்துவாய்."

"நான் கத்தமாட்டன்!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

உம்மா கதிரையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அந்த மனிதர் கற்பிட்டிக்குப் பக்கத்து எத்தாளையில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். மனைவி மௌத்தாகிப் பல வருஷம். பிள்ளைகள் வெளிநாட்டில். போன நோன்பில் கருவாடு வாங்க வாடிக்கு வந்திருக்கிறார். பாங்கு சொன்னது காதில் விழாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாராம். உம்மா ஒரு ஈச்சம்பழத்தைத் தன் வாயில் போட்டுக் காட்டிவிட்டு, இன்னொன்றை அவர் கையில் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு நோன்பு நாளெல்லாம் வீடியோவில் உம்மா பழத்தை வாயில் வைப்பதைப் பார்த்துத்தான் அவர் நோன்பு திறக்கிறாராம். அவ்வளவுதான் கதை என்றார்.

"அவ்வளவுதானா? அன்னிய ஆம்பிளையோட வீடியோவுல! ஹராம் உம்மா, ஹராம்!" நானா விறாந்தையில் முன்னும் பின்னும் நடந்தார்.

"ஓம் மகன், எனக்கும் அது மனசுக்கு உறுத்தல்தான். அப்ப நிக்காஹ்வ செஞ்சு வைங்க. ஹலாலாகிரும்."

எங்கள் மூன்று பேருக்கும் இடி விழுந்த மாதிரி இருந்தது. தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. உம்மா வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததா? பேரப்பிள்ளை எடுத்த மனுஷி! வாப்பாவின் தொப்பி இன்னும் அலுமாரிக்குள் மடித்து வைத்திருக்கிறது, பெருநாளுக்குப் பெருநாள் கழுவிக் காய வைக்கிறவர் இவர்தான். மார்க்கம் தடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். இந்த உம்மாவே எத்தனை விதவைகளின் நிக்காஹ்வுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறார். ஆனால் மற்றவர்களுடைய உம்மா வேறு, நம்முடைய உம்மா வேறு.

"ஊர் சிரிக்கும்" என்றார் நானா.

"ஊர் எனக்கு நோம்பு தொறக்க வாறல்லயே மகன்."

நானா என் பக்கம் திரும்பினார். "அந்தப் பள்ளிய இப்பவே அழி. நீ வச்சத நீயே எடு." எனக்கும் அந்த நேரம் அது சரியாகவே பட்டது. ஒரு காலை முழுக்க இருந்து கீறிய பள்ளிவாசலுக்குள் யாரோ ஒரு வெங்காயக்காரரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாரே என்ற ஆத்திரம். ஃபோனை எடுத்துக் கீழ்ப் பள்ளியை அமத்திப் பிடித்து இழுத்து விட்டேன், மறைந்தது. நான் எடுத்தது முன்னால் இருக்கிற படத்தை மட்டும்தான். ஆப், எல்லா ஆப்பும் அடுக்கியிருக்கிற பின்பக்கத் திரையில், இங்கிலீஷ் பெயர்களுக்கு நடுவில் அப்படியே இருக்கிறது. உம்மாவுக்கு அங்கே போகத் தெரியாது. அவருக்கு அந்தப் படம் போனால் அந்த மனிதரும் போன மாதிரித்தான்.

"அழிச்சிட்டியா?" என்றார் உம்மா.

"ஓம்."

"சரி" என்று எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனார்.

மறுநாள் நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. உம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி வாடிக்குப் போய்க் கருவாட்டைப் புரட்டிப் போட்டார். முகத்தில் கோபம்கூட இல்லை. அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நானா வேனை எடுத்துக்கொண்டு, "ஆள் யாரு எவரென்டு விசாரிச்சிட்டு வாறன். ஒரு குறையாச்சும் இல்லாமலா இரிக்கும்?" என்று எத்தாளைக்குப் போனார்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகுதான் திரும்பி வந்தார். வேனில் இருந்து இறங்கியவரின் மூஞ்சி தொங்கிக் கிடந்தது.

"என்ன நானா, கெட்டவரா?" என்று நான் ஆசையோடு கேட்டேன். உண்மையைச் சொன்னால், ஆசையோடுதான்.

"கெட்டவரென்டு ஒருத்தரும் செல்றாங்கல்ல" என்றார் எரிச்சலோடு. "பள்ளியில, தேத்தண்ணிக் கடையில, தோட்டத்துல வேல செய்றவங்க, எல்லார்ட்டயும் கேட்டன். காது மந்தமான வெங்காயத் தோட்டக்காரர் என்டதும் பேரச் செல்லித் தந்தாங்க. அந்தப் பேரச் சொன்ன ஒடனே மரியாதயா எழும்புறாங்க. சத்தமாக் கதைக்கிறாரு என்டதத் தவிர ஒரு குறையும் இல்லயாம்."

"அப்ப பெரிய நட்டம்தான்" என்றாள் தங்கச்சி. நானா முறைத்தார். அவள் குசினிக்குள் ஓடிவிட்டாள்.

அன்றைக்குக் கரண்ட் இருந்தது. பள்ளி ஸ்பீக்கரில் பாங்கு தெளிவாக ஒலித்தது. துஆ ஓதிவிட்டு நாங்கள் ஈச்சம்பழத்தை வாயில் வைத்தோம். உம்மாவின் ஃபோன் அவருக்கு முன்னால் பாயில் இருந்தது, ஒற்றைப் பள்ளியோடு. உம்மா பழத்தை விரல்களுக்கு நடுவில் பிடித்தபடி மடியில் கையை வைத்திருந்தார்.

"உம்மா, பாங்கு சொல்லியாச்சு" என்றார் நானா.

"கேட்டுச்சு மகன். நீங்க தொறங்க."

"நீங்களும் தொறங்களேன்."

"அந்த மனுசன் இன்னும் தொறந்திரிக்க மாட்டாரு."

தங்கச்சி மெல்லக் கேட்டாள், "அவருக்கும் ஃபோன் இரிக்கிதானே உம்மா? நேரத்தப் பாத்துத் தொறக்கலாமே?"

"பாக்கலாம். அவருக்கென்ன நேரம் தெரியாதா? எனக்கும்தான் பாங்கு நல்லாக் கேக்குது." உம்மா பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தனியத் தொறக்கிற நோம்பு தொண்டையால எறங்குதில்ல மகள். எனக்கும் எறங்கல்ல, அவருக்கும் எறங்கல்ல. அதுதான்."

எனக்கு வாயில் இருந்த ஈச்சம்பழம் கல்லாகிப் போனது. வாப்பா போன பிறகு வந்த நோன்புகளில் உம்மா எப்படி, யாரோடு நோன்பு திறந்தார் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டே போனது. நோன்பு திறப்பதைப் பிற்படுத்தக் கூடாது என்று எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்தவரே உம்மாதான். அவர் அசையவில்லை.

நானா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "எடுத்துக் குடு" என்றார்.

"என்ன நானா?"

"அத எடுத்துக் குடு அவக்கு. கெதியா. எவ்வளவு நேரம் நோம்போட இருக்கிற, ரெண்டு பேரும்?"

ஃபோனை எடுத்தேன். பின்பக்கத்தைத் திறந்து, இங்கிலீஷ் பெயர்களுக்குள் தேடிக் கண்டுபிடித்து, வெங்காயக் குவியலை அமத்தி, உம்மாவின் முன்னால் பிடித்தேன். ஒரு தரம் அடித்ததும் அந்த முகம் வந்துவிட்டது. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். மற்றக் கையில் ஈச்சம்பழம், முழுசாக. நேற்றுச் சொன்ன சொல்லுக்காகத் தானாக எடுக்காமல் இருந்திருக்கிறார். உம்மா பழத்தை வாயில் வைத்தார். அவரும் வைத்தார். இரண்டு பேரும் மென்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சும்மா அல்ல, மூக்கு ஒழுக அழுதேன்.

பிறகு அவர் கத்தினார். "மகனுக்கு இன்னும் கோவமா?"

நானா ஃபோனுக்குக் குனிந்து, "முதல்ல தண்ணியக் குடிங்க!" என்று அதே அளவுக்குக் கத்தினார்.

தொழுது முடிந்த பிறகு நானா என்னிடம் வந்தார். "பள்ளி வாணாம். பள்ளிக்குப் பின்னால ஆள ஒளிக்கிறது சரியில்ல. வேற ஏதாச்சும் கீறி முன்னால வை. பேரையும் எழுது. ஒளிவு மறைவு இல்லாம இரிக்கட்டும்." பெருநாள் முடிந்ததும் மாமாவோடும் பள்ளி ஆட்களோடும் கதைக்க வேண்டும் என்றும் சொன்னார். இதையெல்லாம் சண்டை பிடிக்கிற குரலில்தான் சொன்னார், நானாவுக்கு அந்தக் குரல் ஒன்றுதான் உண்டு.

என் சட்டத்தை உடைக்கச் சொன்னது நானா என்பதால் வாயை மூடிக்கொண்டேன். விறாந்தையில் உட்கார்ந்து ஒரு சிவப்பு வெங்காயம் கீறினேன். கற்பிட்டி வெங்காயம், சின்னது, பளபளவென்று. வேலை சீக்கிரமே முடிந்தது. முன்பு கீழ்ப் பள்ளி இருந்த அதே இடத்தில் வைத்தேன். உம்மா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார், நானா பக்கத்துக் கதிரையில்.

"உம்மா, கீழ என்ன பேர் எழுத?"

கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, "அவர்ட பேர் என்ன உம்மா?" என்று திரும்பிப் பார்த்தேன்.

உம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டார். வள்ளக்காரரோடு சண்டை போடுகிற உம்மா, நிலத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றிலிருந்து இத்தனை கதை கதைத்தாரே, ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அந்த மனுசன், அவரு, அந்த மனுசன். வேறு ஒன்றும் இல்லை.

உம்மா கையை நீட்டி, நானாவின் முதுகில் தட்டினார்.

"செல்லு மகன்" என்றார்.

நானா என்னைப் பார்த்தார். முகட்டைப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார், நான் எழுதினேன்.